பொறியியல் கல்லூரி ஆசிரியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.இ. கடைசி செமஸ்டர் தொடங்கியதும் என்னைத் தேடி வருபவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆன முன்னாள் மாணவர்களும் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அவற்றில் பாதியைத் திரும்பக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியராக நினைப்பவர்களுக்காக அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கல்வித் தகுதி, ஊதியம் பற்றிச் சொல்வதற்கு அடிப்படை, ஏ.ஐ.சி.டி.இ., அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, 2019 மார்ச்சில் அரசிதழில் வெளியிட்ட ஒழுங்குமுறை. கீழே அதை '2019 விதி' என்றே குறிப்பிடுகிறேன்.

சார், பி.இ. மட்டும்தான் முடிச்சிருக்கேன். காலேஜ்ல லெக்சரரா சேர முடியுமா?

பொறியியல் கல்லூரியில் முடியாது. அங்கே தொடக்கப் பதவி உதவிப் பேராசிரியர். அதற்கு பி.இ. அல்லது பி.டெக்.கோடு எம்.இ. அல்லது எம்.டெக்.கும் வேண்டும். 'லெக்சரர்' என்ற பதவி இப்போது பாலிடெக்னிக்கில்தான் இருக்கிறது. அந்த வேலைக்கு முதல் வகுப்பில் தேறிய பி.இ. போதும்.

பாலிடெக்னிக் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். பல தனியார் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ. முடித்தவர் வாங்குவது அதில் பாதிகூட வராது.

பர்ஸ்ட் கிளாஸ் ரெண்டு டிகிரிலயும் வேணுமா? எனக்கு பி.இ.ல செகண்ட் கிளாஸ்.

இரண்டில் ஒன்றில் இருந்தால் போதும் என்கிறது 2019 விதி. எம்.இ.யில் முதல் வகுப்பு வாங்கியிருந்தால் நீங்கள் தகுதியானவர்தான். ஆனால் சில தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பத்தாம் வகுப்பிலிருந்தே 60 விழுக்காடு கேட்கின்றன. அது அவர்களாக வைத்துக்கொண்ட வடிகட்டி. அங்கே கிடைக்கவில்லை என்பதற்காகத் தகுதியே இல்லை என்று மனம் விட வேண்டாம்.

நெட் பாஸ் பண்ணணும்னு சொல்றாங்களே, உண்மையா?

நெட் என்பது யு.ஜி.சி.யின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், தேசியத் தகுதித் தேர்வு. பொறியியல் துறைகளுக்கு அது தேவையில்லை. மெக்கானிக்கல், சிவில் போன்றவற்றுக்கு யு.ஜி.சி. நெட்டில் பாடத்தாளே கிடையாது. குழப்பம் வரும் இடம் வேறு. அதே கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்கள் யு.ஜி.சி. விதிக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு முதுநிலைப் பட்டத்தோடு நெட் அல்லது மாநில அளவிலான செட் வேண்டும், அல்லது யு.ஜி.சி. விதிப்படி பெற்ற பிஹெச்.டி. இருக்க வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்கு வர நினைப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எம்.சி.ஏ. முடிச்சவங்க சி.எஸ்.இ. துறையில சேரலாமா?

எம்.சி.ஏ. துறை உள்ள கல்லூரியில் அந்தத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். பி.இ. சி.எஸ்.இ. துறைக்கு பி.இ., எம்.இ. வரிசையைத்தான் கேட்கிறார்கள். உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்கலைக்கழக ஆய்வு வரும்போது சிக்குவது உங்கள் பெயர்தான்.

காலியிடம் வந்திருக்குன்னு எப்படித் தெரியும்? எங்க பார்க்கணும்?

இது வேலை தருபவரைப் பொறுத்தது. கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி, பர்கூர், காரைக்குடி அழகப்பா போன்ற அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி., ஆள் எடுக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறைகளுக்கும் உறுப்புக் கல்லூரிகளுக்கும் தனியாக அறிவிக்கை வெளியிடும். பி.எஸ்.ஜி. டெக், கோவை சி.ஐ.டி., மதுரை தியாகராசர் ஆகியவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். அவற்றில் உதவி பெறும் இடம், சுயநிதி இடம் என்று இரண்டு வகை உண்டு. சம்பளமும் பணிப் பாதுகாப்பும் அதற்கேற்ப மாறும் என்பதால், விளம்பரத்தில் எந்த வகை என்று போடாவிட்டால் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

தனியார் கல்லூரிகள் ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்கின்றன. பாதி இடங்கள் விளம்பரத்துக்கு வராமலே நிரம்பிவிடும். துறைத் தலைவர் தனக்குத் தெரிந்த வழிகாட்டிப் பேராசிரியரிடம் 'நல்ல பையன், பொண்ணு யாராவது இருக்காங்களா' என்று கேட்பார். அதனால் எம்.இ. புராஜெக்ட் வழிகாட்டியிடம் உங்களுக்கு ஆசிரியர் வேலையில் விருப்பம் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எத்தனையோ பேர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டே வாய்ப்பை விட்டிருக்கிறார்கள்.

டி.ஆர்.பி.க்கே முழுசா படிக்கலாமா? வேலையை விட்டுட்டு கோச்சிங் சேரட்டுமா?

வேலையை விடாதீர்கள் என்பதுதான் என் பதில். டி.ஆர்.பி. அறிவிக்கைக்கு ஆண்டுதோறும் இந்த மாதம் என்ற கணக்கே இல்லை. 1,058 பாலிடெக்னிக் விரிவுரையாளர் இடங்களுக்கு 2017 செப்டம்பரில் நடந்த எழுத்துத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் முறைகேடு வெளிவந்து 2018 பிப்ரவரியில் ரத்தானது. மறுபடி தேர்வு நடந்தது 2021 டிசம்பரில். நேர்மையாகப் படித்து எழுதியவர்கள் நான்கு வருடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். அவர்களில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். தினம் நடத்தும் பாடமே பாதி தயாரிப்பு. இன்னொன்று, 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு மாநில அரசின் நேரடி நியமனத் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் உங்கள் பாடத்தாள் கணக்கிலேயே வராது. ஆங்கில வழியில் படித்தவர்கள் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

மாநிலப் பணியிடங்களில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, பெயரின் இனிஷியலும் எழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதற்காகக் கண் கலங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு நம்மள மாதிரி ஆளுங்க போக முடியுமா?

போகலாம். போயிருக்கிறார்கள். ஆனால் பாதை வேறு. அங்கே உதவிப் பேராசிரியராகவே பிஹெச்.டி. வேண்டும், முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பும் வேண்டும். பிஹெச்.டி.க்குப் பிறகு மூன்று வருட அனுபவம் இருந்தால் முதல் நிலை உதவிப் பேராசிரியர் பதவி. அதன் தொடக்க அடிப்படை ஊதியம் 1,01,500 ரூபாய். அனுபவம் குறைந்தவர்களை இரண்டாம் நிலையில் ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். பல ஐ.ஐ.டி.கள் ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்குகின்றன. என்.ஐ.டி.கள் அவ்வப்போது அறிவிக்கை விடுகின்றன. 35 வயதுக்குள் இருந்தால் நல்லது என்று ஐ.ஐ.டி. விளம்பரங்களில் வழக்கமாகப் போட்டிருக்கும்.

அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் ஆராய்ச்சியை. அடுத்த ஐந்து வருடம் என்ன செய்வீர்கள், அதற்கு எங்கிருந்து நிதி வாங்குவீர்கள் என்று எழுதித் தர வேண்டும். பிஹெச்.டி. எங்கே, யாரிடம் செய்கிறீர்கள் என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த வாசல் திறக்கிறது, அல்லது மூடிவிடுகிறது. மத்திய அரசின் 2019 சட்டப்படி இங்கேயும் ஆசிரியர் பணியில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடஒதுக்கீடு உண்டு. 'நமக்கெல்லாம் எங்கே' என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடாதீர்கள்.

சம்பளம் நிஜமா எவ்வளவு வரும்?

2019 விதிப்படி தொடக்க அடிப்படை ஊதியம் உதவிப் பேராசிரியருக்கு 57,700, இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200 ரூபாய். இதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். அரசுக் கல்லூரியில் இது கிடைக்கும். பெயர் பெற்ற சில தனியார் கல்லூரிகளிலும் இதற்குப் பக்கத்தில் வரும். மற்ற இடங்களில் எம்.இ. முடித்தவருக்கு இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் என்றுதான் பேச்சே தொடங்குகிறது. அரசு நிறுவனங்களிலேயே தொகுப்பூதியத்தில் எடுக்கும் தற்காலிக வேலைகளும் உண்டு. அவற்றை நிரந்தர வேலை என்று நினைத்துச் சேராதீர்கள்.

சேரும் முன் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. மே மாதச் சம்பளம் உண்டா? பி.எஃப். பிடிக்கிறார்களா? சம்பளம் மாதா மாதம் வருகிறதா, இரண்டு மூன்று மாதம் நிலுவை நிற்குமா? அட்மிஷன் சமயத்தில் பிளஸ் டூ மாணவர் வீடுகளுக்கு அலைந்து ஆள் பிடிக்கச் சொல்வார்களா, இத்தனை பேர் என்று இலக்கு உண்டா? இவற்றை நிர்வாகத்திடம் கேட்பதைவிட, அங்கே வேலை செய்யும் ஒருவரை வெளியில் டீக்கடையில் பார்த்துக் கேட்டால் உண்மை வரும்.

வங்கிக் கணக்கில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்லும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்காத பணத்துக்கு நீங்கள் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டியிருக்கும். நாளைக்கு நிலுவைக்காக வழக்குப் போட்டாலும், முழுச் சம்பளம் வாங்கியதாக உங்கள் பாஸ்புக்கே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

டெமோ கிளாஸ்ல என்ன எதிர்பார்க்கிறாங்க?

பதினைந்து, இருபது நிமிடம் ஒரு தலைப்பை நடத்தச் சொல்வார்கள். எதிரே துறைத் தலைவர், முதல்வர், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் இருப்பார்கள். பெரும்பாலானவர்கள் பென் டிரைவில் இருபது முப்பது ஸ்லைடோடு வந்து, திரையைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். கேட்பவர்களுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

ஒரு பெண் வந்திருந்தார், சிவில் துறைக்கு. தலைப்பு, இரண்டு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்திரத்தின் வளைவுத் திருப்புத்திறன். மேசையில் இரண்டு டஸ்டரை வைத்து, ஓர் இரும்பு ஸ்கேலை அவற்றின் மேல் கிடத்தி, நடுவில் விரலால் அழுத்தினார். 'இது உடைஞ்சா எங்க சார் உடையும்?' என்று எங்களையே கேட்டார். பிறகுதான் போர்டில் படம் போட்டு, சீரான எடை பரவியிருக்கும்போது நடுவில் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு வருவதை வரிவரியாகக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து வந்த பேராசிரியர், 'ஒரு முனையை இறுக்கிப் பிடிச்சா?' என்றார். அந்தப் பெண் ஸ்கேலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் டஸ்டரோடு அழுத்திக் காட்டி, வளைவு மாறுவதைப் பார்க்கச் சொன்னார். அதே அளவு திருப்புத்திறன் இப்போது இறுக்கிப் பிடித்த முனைக்கு வந்துவிடும், திசை மட்டும் எதிராக இருக்கும் என்று எழுதி முடித்தார். அவரை எடுக்க விவாதமே நடக்கவில்லை.

உங்கள் பாடத்தில் இப்படிக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறினால் பரவாயில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதும் தவறில்லை. சமாளிக்கப் பார்ப்பதைத்தான் குழு மன்னிப்பதில்லை.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்கிறாங்க சார். கொடுத்தாத்தான் ஆர்டராம்.

காட்டுங்கள், கொடுக்காதீர்கள். சரிபார்க்க அசல், கோப்பில் வைக்க நகல், அவ்வளவுதான் ஒரு கல்லூரிக்குத் தேவை. ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இருந்தும் வழக்கம் தொடர்கிறது. நடுவில் நல்ல வேலை கிடைத்தும், சான்றிதழ் பழைய கல்லூரியில் மாட்டிக்கொண்டதால் சேர முடியாமல் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வேறு வழியே இல்லாமல் கொடுக்க நேர்ந்தால், எந்தெந்தச் சான்றிதழ், அதன் எண், பெற்ற தேதி எல்லாம் எழுதி, கல்லூரி லெட்டர்பேடில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தச் சீட்டு இருந்தால் பின்னால் பல்கலைக்கழகத்துக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் புகார் எழுதலாம். வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்தால், கொடுத்ததை நிரூபிப்பதே பெரும்பாடு.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் வந்து நின்னா போதும், பணம் தர்றோம்னு ஒரு காலேஜ்ல கூப்பிடுறாங்க. போகலாமா?

போகவே கூடாது. இதன் பின்னணியைச் சொல்கிறேன். ஏ.ஐ.சி.டி.இ. கணக்கில் இளநிலைப் பொறியியலுக்கு 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். ஆண்டுக்கு 60 இடம் உள்ள ஒரு பிரிவில் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 240 பேர், அதாவது 12 ஆசிரியர்கள். அதிலும் ஒரு பேராசிரியருக்கு இரண்டு இணை, ஆறு உதவிப் பேராசிரியர் என்ற விகிதம் வேண்டும். இந்த எண்ணிக்கைக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாதவர்கள், காகிதத்தில் மட்டும் ஆள் காட்டுகிறார்கள்.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருப்பதாகக் குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. பெயர் பட்டியலில் வந்த பிறகு, 'எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டார்கள்' என்று சொல்வது எளிதல்ல. நீங்கள் கொடுத்த சான்றிதழ் நகலும் கையெழுத்தும் அங்கே இருக்கும். உங்களைக் காட்டி ஏமாற்றப்படுவது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 60 பிள்ளைகள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர்களுக்கு ஆசிரியரே இல்லாத செமஸ்டர் போய்விடுகிறது. வேலை மாறும்போது பழைய கல்லூரி உங்கள் பெயரைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து விடுவித்துவிட்டதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்புதான்.

பிஹெச்.டி. இப்பவே சேரணுமா, கொஞ்ச வருஷம் போகட்டுமா?

இந்த வேலையிலேயே நிற்பதாக முடிவு செய்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். மேலே சொன்ன இணைப் பேராசிரியர் ஊதியம் பிஹெச்.டி. இல்லாமல் வராது. 2019 விதி அந்தப் பதவிக்கு மொத்தம் எட்டு வருட அனுபவம் கேட்கிறது. அதில் இரண்டு வருடமாவது பிஹெச்.டி.க்குப் பிறகானதாக இருக்க வேண்டும், ஆறு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். பேராசிரியருக்குப் பத்து வருட அனுபவம், அதில் மூன்று வருடம் இணைப் பேராசிரியருக்கு நிகரான நிலையில்.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஹெச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், வழக்கமான உச்சவரம்பு ஆறு. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யலாம். அதற்குக் கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று தேவை. சேரும்போதே இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். முடிந்தவர்கள் கேட் என்ற பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதி, உதவித்தொகையோடு ஒரு நல்ல நிறுவனத்தில் முழுநேரமாகச் செய்வதுதான் சிறந்தது. வாரத்துக்கு பதினெட்டு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு இரவில் ஆராய்ச்சி செய்பவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது உடலையும் குடும்பத்தையும் பிழிந்துவிடும்.

பணம் கட்டினா ரெண்டே வாரத்துல பேப்பர் போட்டுத் தர்றாங்களாமே?

அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு எங்கேயும் நிமிர்ந்து உட்கார முடியாது. முன்பு யு.ஜி.சி. கேர் என்ற தரமான ஆய்வுப் பத்திரிகைகளின் பட்டியலில் அந்தப் பத்திரிகை இருக்கிறதா என்று பார்ப்போம். 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டது. இப்போது தரம் பார்க்கும் பொறுப்பு கல்லூரிகளுக்கும் நமக்கும் வந்திருக்கிறது. நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வியே 'இந்தப் படத்தை விளக்குங்க' என்பதாக இருக்கும். வேறொருவர் எழுதிக் கொடுத்த கட்டுரை அங்கேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பி.இ. இ.சி.இ., எம்.இ. சி.எஸ்.இ. நான் எந்தத் துறைக்கு எலிஜிபிள்?

தொகுத்தவற்றிலேயே சிக்கலான கேள்வி இது. 2019 விதி 'தொடர்புடைய பிரிவு' என்கிறது. எது தொடர்புடையது என்பதை டி.ஆர்.பி. தன் அறிவிக்கையின் பின்னிணைப்பில் பட்டியலாகப் போடும். தனியார் கல்லூரியில் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதால் டி.ஆர்.பி.யிலும் ஏற்பார்கள் என்று நினைக்க முடியாது. கடைசியாக வந்த அறிவிக்கையை எடுத்து, உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பட்டம் அதற்கு நிகரானது என்று காட்டும் இணைச் சான்று வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்னும் எம்.இ. சேராதவர்கள், புதுப் பெயரில் கவர்ச்சியாக வரும் படிப்புகளில் சேரும் முன் இந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

தொலைதூரக் கல்வியில் வாங்கிய எம்.டெக். பற்றியும் கேட்கிறார்கள். பொறியியல் பட்டங்களைத் தொலைதூர முறையில் நடத்த ஏ.ஐ.சி.டி.இ. அனுமதிப்பதில்லை. ஒப்புதல் இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இப்படி நடத்திய படிப்புகளுக்கு எதிராக 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

மெக்கானிக்கல்ல எம்.இ. முடிச்சேன். எங்க கேட்டாலும் சி.எஸ்.இ.க்குத்தான் ஆள் வேணும்ங்கிறாங்க. என்ன செய்றது?

நிலைமை அப்படித்தான் இருக்கிறது, பூசி மெழுக விரும்பவில்லை. மாணவர்கள் எங்கே சேர்கிறார்களோ அங்கேதான் ஆசிரியர் தேவை. அந்த 20-க்கு ஒன்று கணக்கு இங்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. பாலிடெக்னிக்குகளில் மெக்கானிக்கல், சிவில் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே முயலுங்கள். உற்பத்தி, வடிவமைப்பு நிறுவனங்களில் நான்கைந்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவதும் நல்ல வழி. இணைப் பேராசிரியருக்குச் சொன்ன எட்டு வருடக் கணக்கில் தொழிற்சாலை அனுபவத்துக்கும் இடம் உண்டு. சி.என்.சி. மெஷினைச் சொந்தமாக ஓட்டிய ஒருவர் லேபில் நின்றால் மாணவர்களுக்கு உடனே வித்தியாசம் தெரிகிறது.

எனக்கு 45 வயசு. இருபது வருஷம் கம்பெனி அனுபவம், பிஹெச்.டி. கிடையாது. இனிமே வகுப்பெடுக்க வரலாமா?

உங்களைப் போன்றவர்களுக்காகவே யு.ஜி.சி. 2022-ல் ஒரு வழி திறந்தது. துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் உள்ளவர்களைப் பட்டத் தகுதி பார்க்காமல் 'புரொபசர் ஆப் பிராக்டிஸ்' என்ற பதவியில் எடுக்கலாம். மொத்த இடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அதிகபட்சம் மூன்று வருடம், தேவைப்பட்டால் இன்னும் ஒன்று. நிரந்தர வேலை அல்ல, பதவி உயர்வும் கிடையாது.

எம்.இ.யும் இருந்தால் உதவிப் பேராசிரியராகவும் சேரலாம். சம்பளம் பெரிதாகக் குறையும் என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். முதலில் ஏதாவது ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு ஒரு விருப்பப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கும் கல்லூரிகள் என்பதால், அங்கே தொழில்துறை ஆட்களைக் கொண்டு பாடம் வைப்பது எளிது. சனிக்கிழமை வகுப்பு கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.